பிரேக் பிடித்தும் லாரி ஏன் நிற்பதில்லை? மழையிலும் பனியிலும் கனரக வாகனம் ஓடும் விதம்

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி முன்னால் போன வண்டிகளை வரிசையாக இடித்துக்கொண்டு போய் நின்றால், அன்று மாலையே சேலத்து டீக்கடைகளில் காரணம் முடிவாகிவிடும்: “பிரேக் பிடிக்கலையாம்.” மழை நாளில் ஏற்காடு மலைப்பாதையில் ஒரு வண்டி தடுப்புச் சுவரில் மோதினாலும் அதே பேச்சு. டிசம்பரில் காஷ்மீர் பக்கம் போன நம் ஊர் லாரி ரோட்டை விட்டு இறங்கினாலும் அதே பேச்சுதான்.

ஆனால் இந்த மூன்றிலும் நடப்பது மூன்று வேறு விஷயங்கள். முதலாவதில் பிரேக் சூடேறிச் சோர்ந்து போயிருக்கலாம். இரண்டாவதில் பிரேக் நன்றாகவே பிடித்திருக்கும், டயர்தான் ரோட்டை விட்டிருக்கும். மூன்றாவதில், நம் ஊர் இறக்கத்தில் உயிரைக் காப்பாற்றும் ஒரு பழக்கத்தையே டிரைவர் அங்கேயும் செய்திருப்பார். அதுவே வண்டியைத் திருப்பிப் போட்டிருக்கும். எல்லாவற்றையும் பிரேக் தலையில் கட்டிவிட்டால் அடுத்த முறை எதை மாற்றிச் செய்வது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருக்கிற, லாரித் தொழிலை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கிற நம் பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை.

லாரி ஓட்டாதவர்களுக்கும் புரியும்படி இதை அடியிலிருந்து பார்க்கலாம். கணக்கு கொஞ்சம் வரும், பயப்படும்படி இருக்காது.

## வண்டியை நிறுத்துவது ரோடு

மழை பெய்து ஓய்ந்ததும், நனைந்த சிமெண்ட் வாசலில் ரப்பர் செருப்போடு நடந்து பாருங்கள். மெதுவாக, நேராக நடந்தால் ஒன்றும் ஆகாது. ஓடிவந்து சட்டென்று நின்றால் வழுக்கும். ஓடிக்கொண்டே திரும்பினாலும் வழுக்கும். திரும்பிக்கொண்டே நிற்கவும் பார்த்தால் விழுந்தே விடுவீர்கள். உங்கள் காலில் பலம் குறையவில்லை. செருப்புக்கும் தரைக்கும் நடுவில் இருந்த பிடி தீர்ந்துவிட்டது. அடி தேய்ந்த செருப்பு என்றால் அது இன்னும் சீக்கிரம் தீரும்.

லாரியிலும் நடப்பது இதுதான். பிரேக் என்பது டிரம்மின் உள்பக்கத்தில் லைனிங்கை அழுத்தி, சக்கரம் சுழல்வதைக் குறைக்கும் கருவி. அதன் வேலை அதோடு சரி. சுழற்சி குறைந்த சக்கரம் ரோட்டைப் பற்றிக்கொண்டால்தான் வண்டி நிற்கும். டயர் வழுக்காமல் ரோட்டைப் பற்றக்கூடிய அதிகபட்ச பலத்தைப் பிடிமானம் என்று வைத்துக்கொள்வோம். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பிடிமானத்துக்கு மேல் ஒரு கிலோ பலம்கூட அதனால் தர முடியாது. அதற்கு மேல் மிதித்தால் சக்கரம் மட்டும் நின்றுவிடும், வண்டி சறுக்கிக்கொண்டே போகும்.

பிடிமானத்தை அளக்க உராய்வு எண் என்று ஒன்று உண்டு. சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் எத்தனை பங்கு வரை டயர் தாங்கிப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. காய்ந்த தார் ரோட்டில் லாரி டயருக்கு ஏறத்தாழ 0.6 என்று கொள்ளலாம். நனைந்த ரோட்டில் 0.4. வண்டிகள் ஓடி இறுகிப்போன பனியில் 0.2. ஐஸ்கட்டி படிந்த ரோட்டில் 0.1, சில நேரம் அதற்கும் கீழே. டயரையும் ரோட்டையும் பொறுத்து இவை கூடும், குறையும். ஆனால் வரிசை மாறாது.

இந்தப் பிடிமானம் மூன்று வேலைக்கும் பொதுவானது: வேகம் எடுக்க, திரும்ப, நிற்க. நிற்பதற்கே முழுவதையும் செலவழித்துவிட்டால் திரும்ப ஒன்றும் மிஞ்சாது. சக்கரம் பூட்டிக்கொண்ட வண்டியில் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் நேராகவே போவது அதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பிரேக் சக்கரத்தை நிறுத்தும், ரோடு வண்டியை நிறுத்தும். மழையும் பனியும் கைவைப்பது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

## 60-க்கும் 40-க்கும் நடுவில்

ஒரு லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். முன்னால் ஒரு மாடு குறுக்கே வருகிறது. அதைப் பார்த்து, புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைப்போம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். கனரக லாரியில் இருப்பது ஏர் பிரேக். மிதித்ததும் அழுத்தக் காற்று குழாய் வழியே சக்கரங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு அரை விநாடி, இன்னொரு 8 மீட்டர். கார் ஓட்டுபவர்களுக்கு இந்த அரை விநாடி தெரியாது. ஆகவே பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே 33 மீட்டர் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வண்டி நிற்க, காய்ந்த ரோட்டில் 24 மீட்டர், நனைந்த ரோட்டில் 35 மீட்டர், இறுகிய பனியில் 71 மீட்டர், ஐஸில் 140 மீட்டருக்கு மேல். முதல் 33 மீட்டரையும் சேர்த்து வரும் மொத்தத்துக்குத்தான் நிறுத்தும் தூரம் என்று பெயர். நனைந்த ரோட்டில் அது 68 மீட்டர். சமதளத்தில், நல்ல டயர் போட்ட வண்டிக்கான கணக்கு இது. டயர் தேய்ந்திருந்தால், இறக்கமாக இருந்தால் இன்னும் நீளும்.

இப்போது வேகத்தை 40-க்குக் குறைத்துப் பாருங்கள். அதே நனைந்த ரோட்டில் நிறுத்தும் தூரம் 38 மீட்டர். வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் குறைத்தோம், தூரம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்ற பழைய இயற்பியல் விதியின் மறுபக்கம் இது. அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் உரிமத்துக்கான கையேடு, நனைந்த ரோட்டில் வேகத்தை மூன்றில் ஒரு பங்கும், இறுகிய பனியில் பாதியோ அதற்கு மேலுமோ குறைக்கச் சொல்கிறது. கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும். 30 கிலோமீட்டர் வேகத்தில் பனியில் வரும் லாரியின் நிறுத்தும் தூரம் 34 மீட்டர். நனைந்த ரோட்டில் 40-இல் வரும் லாரிக்கு ஆவதும் ஏறத்தாழ அதேதான்.

“நான் பார்த்துத்தான் ஓட்டுவேன், எனக்கு இந்த ரோடு அத்துபடி” என்று சொல்லும் அனுபவசாலிகளை நான் மதிக்கிறேன். அனுபவம் அந்த ஒன்றரை விநாடியை ஒரு விநாடியாக்கும். ஆனால் உராய்வு எண்ணை அது மாற்றாது.

## முதல் மழையும் தேய்ந்த பட்டனும்

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை திடீரென்று கொட்டும். வாரக்கணக்கில் காய்ந்து கிடந்த ரோட்டில் எண்ணெய்க் கசிவு, டயர்த் துகள், புழுதி எல்லாம் படிந்திருக்கும். முதல் தூறலில் இவை தண்ணீரோடு குழைந்து ஒரு வழவழப்பான படலமாகிவிடும். நன்றாகப் பெய்து கழுவிவிட்ட ரோட்டைவிட, அப்போதுதான் தூற ஆரம்பித்த ரோடு மோசமானது. வைப்பர் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவு தூறும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

அடுத்தது, ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது நடப்பது. டயரில் இருக்கும் பள்ளங்களை, நம் ஆட்கள் பட்டன் என்று சொல்வதை, அழகுக்காகப் போடவில்லை. டயருக்கு அடியில் மாட்டும் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. வேகம் கூடக் கூட, வாய்க்கால் வழியே வெளியேற நேரம் போதாமல் தண்ணீர் டயருக்கு முன்னால் குவியும். ஒரு கட்டத்தில் டயர் அந்தத் தண்ணீரின் மேல் ஏறிவிடும். ரப்பருக்கும் தாருக்கும் தொடர்பே இருக்காது. இதை நீர்மிதப்பு என்போம். அந்த நொடியில் ஸ்டியரிங் லேசாகிவிடும், பிரேக்குக்கு அர்த்தம் இருக்காது.

1960-களில் அமெரிக்காவின் நாசா ஆய்வு மையம் ஒன்றில் விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். டயரில் காற்றழுத்தம் கூடுதலாக இருந்தால் மிதக்கத் தொடங்கும் வேகமும் கூடும் என்று கண்டார்கள். மழையில் பிடிப்பு கூடட்டும் என்று காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. தேங்கிய தண்ணீரில் அது நேர் எதிராக வேலை செய்யும். காற்று குறைந்தால் டயர் சீக்கிரமாகவே மிதக்கும். கம்பெனி சொன்ன அழுத்தம், தேயாத பட்டன், குறைந்த வேகம், இந்த மூன்று மட்டுமே உதவும். 1.6 மி.மீ. பட்டன் ஆழம் சட்டப்படி போதும் என்றாலும், மழைக்காலத்துக்கு அது மிகவும் குறைவு என்பது என் கருத்து. ஐப்பசி பிறக்கும் முன்பே முன் டயர்களை மாற்றிவிடுங்கள்.

ரயில்வே சுரங்கப்பாலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கும். மேலே வந்ததும் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாகக் கொஞ்ச தூரம் மிதித்து, லைனிங்கைக் காயவைத்துவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும்.

## லோடு வண்டி ஆபத்தா, காலி வண்டி ஆபத்தா?

இங்கேதான் பொதுப்பேச்சு அதிகம் தவறுகிறது. பாரம் ஏற்றிய லாரி ஆபத்து, இறக்கிவிட்டு வரும் காலி லாரி பத்திரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காலி வண்டியில் மழையில் கொஞ்சம் விரட்டலாம் என்ற தைரியம் டிரைவருக்கும் வந்துவிடுகிறது.

லாரியின் பிரேக்கை முழு பாரத்தோடு நிறுத்துவதற்காக வடிவமைத்திருக்கிறார்கள். பாரம் இல்லாதபோது பின் சக்கரங்களின் மேல் அழுத்தும் எடை மிகக் குறைவு. பிடிமானம் என்பது எடையில் ஒரு பங்கு என்று பார்த்தோமல்லவா? எடை குறைந்தால் பின் சக்கரங்களின் பிடிமானமும் அதே அளவு குறையும். ஆனால் பிரேக்கின் பலம் அப்படியே இருக்கிறது. நனைந்த ரோட்டில் கொஞ்சம் அழுத்தி மிதித்தாலே பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும்.

ட்ரெய்லர் லாரியில் இது இன்னும் மோசம். முன்னால் இழுக்கும் வண்டியின் பின் சக்கரங்கள் பூட்டினால், ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ள, இரண்டும் இணைப்பில் மடங்கி ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும். மடங்க ஆரம்பித்துவிட்டால் பிரேக்கை இன்னும் மிதிப்பது மடங்கலை வேகப்படுத்தும். பிரேக்கை விட்டு, கிளட்சை மிதித்து, சக்கரம் மறுபடி உருள விடுவது ஒன்றுதான் வழி. பதறிய கால் இதைக் கேட்காது என்பதால், முன்பே மனதில் பதிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

நீர்மிதப்பிலும் காலி லாரிதான் மாட்டும். பாரம் இருக்கும்போது டயர் ரோட்டில் நீளவாக்கில் பதியும், தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்கும். டயர் அழுத்தமும் 110 பிஎஸ்ஐ அளவில் இருப்பதால், லோடு லாரி சாதாரண வேகத்தில் மிதப்பது அரிது. காலியாக இருக்கும்போது பதியும் இடம் குறுகி, அகலமான ஒரு பட்டையாக ஆகிவிடும். அப்போது நெடுஞ்சாலை வேகத்திலேயே டயர் மிதக்க முடியும்.

இப்போதைய லாரிகளில் ஏபிஎஸ் வருகிறது. சக்கரம் பூட்டப் போவதை உணர்ந்து, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் மின்னணு அமைப்பு அது. வண்டியைத் திருப்பும் வாய்ப்பை அது காப்பாற்றித் தரும். ஆனால் இல்லாத பிடிமானத்தை உருவாக்கித் தராது. ஏபிஎஸ் இருக்கிறது என்று மழையில் 70-இல் போகிறவர், திரும்பும் வசதியோடு மோதப் போகிறார், அவ்வளவுதான்.

## இறக்கம்: பாரம் பழி வாங்கும் இடம்

சமதளத்து மழையில் காலி லாரியின் டயர் தோற்கும். நீண்ட இறக்கத்தில் லோடு லாரியின் பிரேக் தோற்கும். இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி விஷயம் முடிந்தது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. இடையில் 1,200 மீட்டருக்கு மேல் வித்தியாசம், 20 கொண்டை ஊசி வளைவுகள். மொத்தம் 10 டன் எடையுள்ள ஒரு வண்டி மேலிருந்து சீரான வேகத்தில் இறங்கினால், உயரத்தில் இருந்ததால் அதற்கு இருந்த ஆற்றல் எல்லாம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அது வெப்பமாக மாறுகிறது. எவ்வளவு தெரியுமா? சாதாரணக் குழாய்த் தண்ணீர் 400 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு. காற்றின் தடையும் டயரின் உருளலும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும்தான் பங்கிட வேண்டும். எஞ்சினுக்குப் பங்கு கொடுக்கவில்லை என்றால் அத்தனையும் சில இரும்பு டிரம்களுக்குள் போகும்.

டிரம் அளவுக்கு மேல் சூடானால் இரண்டு விஷயம் நடக்கும். லைனிங்கின் உராய்வு குறையும். டிரம் விரிந்து லைனிங்கிலிருந்து விலகும், லைனிங்கை டிரம்மை நோக்கித் தள்ளும் தண்டு போகக்கூடிய தூரமோ அளவானது. டிரைவர் முழுதாக மிதிப்பார், பிடி இருக்காது. இதைத்தான் பிரேக் சோர்வு என்கிறோம். பிரேக்கில் முன்பு எந்தப் பழுதும் இருந்திருக்க வேண்டியதில்லை. எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கி மறுநாள் இறக்கத்துக்கு வந்த வண்டிக்கும் இது நேரும்.

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூரில் இறங்குகிறது. இரட்டைப் பாலம் பக்கம் நடந்த விபத்துகளைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம் பகுதியில் இல்லை. அங்கே போலீசார் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை நியூட்ரலில் இறங்காதீர்கள் என்பது. கியரில் இருக்கும்போது, டீசல் கொடுக்காத எஞ்சினைச் சக்கரங்கள்தான் சுற்ற வேண்டியிருக்கும். அந்தப் பாடு வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். இதுதான் எஞ்சின் பிரேக். புகைக் குழாயை அடைத்து அந்தத் தடையை இன்னும் கூட்டுவது எக்ஸாஸ்ட் பிரேக். நியூட்ரலில் போட்டால் இரண்டுமே இல்லை. முழு வெப்பமும் டிரம்முக்கு.

டீசல் மிச்சமாகும் என்பதற்காகத்தான் நியூட்ரல் என்கிறார்கள். இது வருத்தமான விஷயம், ஏனென்றால் மிச்சமே ஆவதில்லை. இன்றைய மின்னணு எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் செல்வது நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் தேவைப்படும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடக் கொடுமை. பவர் ஸ்டியரிங் போகும், காற்று நிரப்பும் கம்ப்ரெஸர் நிற்கும், நாலு முறை பிரேக் மிதித்தால் டேங்கில் ஏர் இறங்கிவிடும்.

இறங்கும் முறை எளிது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதியில் வேகம் பிடித்த பிறகு கியர் மாற்றப் பார்த்தால் அது விழாமல் நியூட்ரலிலேயே நிற்கும் அபாயம் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய வாக்கு பழைய வண்டிகளுக்குச் சரி. இப்போதைய பலமான எஞ்சின்கள் உயர்ந்த கியரிலேயே ஏறிவிடுவதால், அதைவிடவும் ஒரு கியர் குறைவாக இறங்குவது நல்லது. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி வர வேண்டாம். பாதுகாப்பான வேகம் 30 என்றால், 30-ஐத் தொட்டதும் உறுதியாக மிதித்து 22 வரை குறைத்து, காலை முழுதும் எடுத்துவிட வேண்டும். மறுபடி 30 வந்தால் மறுபடி. இடைவெளியில் டிரம் கொஞ்சம் ஆறும்.

ஆகவே, இறக்கத்தில் முதல் பிரேக் எஞ்சின், இரண்டாவதுதான் கால் பிரேக். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், வடக்கே போகும்போது இதற்கு ஒரு விதிவிலக்கு வரும்.

## ஏற்காட்டு வளைவும் மூடுபனியும்

உயரமாக லோடு ஏற்றிய லாரி காய்ந்த ரோட்டில் வளைவில் வேகமாகத் திரும்பினால், வழுக்குவதற்கு முன்பே சாய்ந்துவிடும். ரோடு நனைந்திருந்தால் சாய்வதற்கு முன் வழுக்கவும் கூடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் பிடிமானம் முழுவதும் திரும்புவதற்கே வேண்டும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மழை என்பது ரோட்டில் வழியும் தண்ணீர் மட்டும் இல்லை. மண்ணும் கல்லும் சேர்ந்து வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து ஏற்காடு மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது. தாரின் மேல் படியும் செம்மண் சேறு நனைந்த தாரைவிட வழுக்கும். பலத்த மழைக்கு மறுநாள், வெயில் அடித்தாலும், வளைவுகளின் உள்பக்கத்தில் அது கிடக்கும்.

மூடுபனியில் ஹை பீம் போடக் கூடாது. துளிகளில் பட்ட வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீம் போதும். எவ்வளவு தூரம் தெரிகிறதோ அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம். 40 மீட்டர்தான் தெரிகிறது, ரோடு நனைந்திருக்கிறது என்றால், மேலே போட்ட கணக்குப்படி சமதளத்திலேயே 40 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. ஓடும்போது நாலு பக்கமும் மினுக்கும் ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு போவதையும் நிறுத்த வேண்டும். நீங்கள் நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா, திரும்பப் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

## அதே 44-இல், வடக்கே

கன்னியாகுமரியிலிருந்து சேலம் வழியாகப் போகும் 44-ஆம் எண் சாலை ஸ்ரீநகரில் போய் முடிகிறது. நம் லாரிக்காரர்கள் அந்த ரோட்டை முழு நீளத்துக்கும் அறிவார்கள். ஆனால் ஏற்காட்டுக் குளிரில் ரோடு உறைவதில்லை. காஷ்மீர் போகும் வழியில் மலைமேல் இருக்கும் பனிஹால் பக்கம் உறையும். நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாத இடம் எது என்பதுதான் முக்கியம்.

எஞ்சின் பிரேக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் எல்லாச் சக்கரங்களையும் பிடிப்பதில்லை. எஞ்சினோடு இணைந்த பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். தொப்பூரில் முழு பாரத்தோடு, தார் ரோட்டில், அந்தச் சக்கரங்களுக்குத் தாராளமாகப் பிடிமானம் இருப்பதால் பிரச்சினை இல்லை. ஐஸில் அவற்றின் பிடிமானம் ஆறில் ஒரு பங்காகிவிட்டது. அந்த நிலையில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டால் பின் சக்கரங்கள் மட்டும் சுழல்வதை விட்டுச் சறுக்கத் தொடங்கும். முன் சக்கரங்கள் உருண்டுகொண்டிருக்கும். வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். காலி ட்ரெய்லராக இருந்தால் மடங்கும். இதனால்தான் வழுக்கும் ரோட்டில் எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்துவிடச் சொல்கிறார்கள். காலி லாரியில், நம் ஊர் அடைமழையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அப்படியானால் ஐஸில் எப்படி இறங்குவது? மிகக் குறைந்த வேகத்தில், குறைந்த கியரில், சங்கிலி கட்டி. சங்கிலியை எஞ்சின் சுற்றும் சக்கரங்களில் கட்டுவார்கள், அது ஐஸைக் குத்திப் பிடிக்கும். இதற்கும் எல்லை உண்டு. பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உராய்வு எண் 0.1 என்றால், சங்கிலி இல்லாத லாரி, பிரேக்கை முழுக்க மிதித்தாலும் நிற்கவே நிற்காது. சரிவு இழுக்கும் பலமும் டயர் பிடிக்கும் பலமும் சமமாகிவிடும். அந்த இடத்தில் திறமை என்று எதுவும் இல்லை. நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் ஒரே சரியான முடிவு. சரக்கு தாமதமாகும் என்று போனில் அவசரப்படுத்தும் முதலாளிகள் இந்த ஒரு கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஐஸ் இன்னும் மோசம். மெல்லிய, நிறமற்ற ஐஸ் படலம் தார் ரோட்டின் மேல் படிந்து, வெறும் ஈரம் போலத் தெரியும். இதைக் கரும்பனி என்கிறார்கள். பாலங்களின் மேல் அது முதலில் வரும், ஏனென்றால் பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்ந்த காற்று. வெயில் படாத மலை நிழலிலும் வரும். ஒரு நல்ல அடையாளம் உண்டு: ரோடு ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்னால் போகும் வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால், அது ஈரம் இல்லை, ஐஸ். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி, ஐஸ் லேசாக உருகத் தொடங்கும்போதுதான் வழுக்கல் மிக அதிகம். வெயில் வந்துவிட்டது, இனி கிளம்பலாம் என்று அவசரப்பட வேண்டாம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள், அது உறைந்தால் பிரேக் வால்வு அடைத்துக்கொள்ளும். இரவு நிறுத்தும்போது பிரேக் நனைந்திருந்தால் சமதளமாகப் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டி உறைந்து, காலையில் சக்கரம் சுழலாது.

பனி மலைக்குப் போகும் முன்பே இன்னொன்று காத்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் ஹரியானா, பஞ்சாப் சமவெளியில் இறங்கும் அடர்ந்த மூடுபனி. ஏற்காட்டு மூடுபனி ஒரு வளைவில் வந்து அடுத்த வளைவில் விலகும். அங்கே அது விடிய விடிய நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நீடிக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் ரோட்டோரம் நிறுத்தாதீர்கள், பின்னால் வரும் லாரிக்கும் ஒன்றும் தெரியாது. தாபாவோ பெட்ரோல் பங்க்கோ பார்த்து, ரோட்டை முழுதும் விட்டு உள்ளே போய் நிறுத்துங்கள்.

## பக்கத்தில் பைக்கில், காரில் போகிறவர்களுக்கு

லாரி டிரைவர் எல்லாம் சரியாகச் செய்தாலும், நாம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிட முடியும். மழையில் ஒரு லாரி முன் வண்டிக்கும் தனக்கும் நடுவில் 60, 70 மீட்டர் விட்டு வருகிறது என்றால் அது டிரைவர் தூங்குவதால் இல்லை. அது அவருடைய நிறுத்தும் தூரம். அந்த இடைவெளி காலியாக இருக்கிறதே என்று பைக்கை உள்ளே நுழைத்து, உடனே பிரேக் போட்டால், அவரிடம் நம்மைக் காப்பாற்றத் தேவையான தூரம் இல்லை. தொப்பூர் இறக்கத்தில் 30-இல் ஊர்ந்து இறங்கும் லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்து விரட்டுவதும் இதே ரகம்.

ஏற்காட்டில், ஒதுங்க இடம் குறைந்த பகுதியில், ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. நனைந்த ஏற்றத்தில் நின்றுவிட்ட லாரி மறுபடி கிளம்பும்போது பின் சக்கரங்கள் வழுக்கிப் பின்னால் உருளலாம். கொண்டை ஊசி வளைவில் லாரி எதிர்ப்பக்கம் வரை அகலமாக எடுத்துத்தான் திரும்பும், அதன் உள்பக்கம் திறந்திருப்பது போலத் தெரிந்தாலும் பின் சக்கரங்கள் அந்த இடத்தை மூடிக்கொண்டு வரும். இறங்குகிறவர்கள் வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்று, ஏறி வரும் லாரியை முழுதாகத் திரும்பி மேலே போக விடுங்கள். பின்னால் வருபவர்களும் வளைவு முடியும்வரை லாரிக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு வண்டி நீளமாவது விட்டு வாருங்கள்.